தூணுக்கு மேலே அறுபது மீட்டர்

ஆனந்தகுமார் சாருக்கு ஒரு வரைபடத்தில் என் கையெழுத்து வேண்டும். போனில் மூன்று முறை முடியாது என்று சொல்லிவிட்டேன். நான் லீவில் இருக்கிறேன் என்றுகூடப் பார்க்காமல், ஞாயிற்றுக்கிழமை தன் ஊர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு எங்கள் மலையூர் சூரியநெல்லிக்கே வந்துவிட்டார்.

கோயம்புத்தூரில் அவர் நடத்தும் அலுவலகத்தில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வரைபடம் போடுகிறோம். பூமிக்கு அடியில் நிலக்கரியை வெட்டிக்கொண்டு போகும்போது, நடுநடுவே வெட்டாமல் விடுகிற நிலக்கரிப் பாளங்கள்தான் தூண்கள். அவற்றுக்கு இடையில் ஆளும் வண்டியும் போகிற பாதைகள். மேலே கிடக்கிற பாரம் முழுதும் தூண்கள் தலையில். தூண் ஒல்லியாக இருந்தால் நசுங்கும். நசுங்கினால் பாதையில் இருப்பவர்கள் வெளியே வரமாட்டார்கள். இப்போது வரைகிற சுரங்கத்தில் ஒரு ஷிப்டுக்கு எழுபது பேர்.

சார் எங்கள் எஸ்டேட் வீட்டு வரிசையான லயத்துக்கு முன்னால் ரோட்டோரம் காரை நிறுத்தி, அதன் மேலேயே வரைபடத்தை விரித்தார்.

“ஏனுங்க மாரீஸ்வரி, ஒரு தூணு நடுவுல இருந்து அடுத்த தூணு நடு வரைக்கும் இருபத்தஞ்சரை மீட்டர். சட்டத்துல இருக்கற அட்டவணைப்படிதானே போட்டிருக்கறேன்? நாளைக்குக் காலைல அனுப்போணும்.”

“அந்த அளவு நூத்தம்பது மீட்டர் ஆழம் வரைக்கும்தான் சார்.”

“இங்க ஆழம் நூத்தி முப்பதுதானுங்களே. போர் போட்டுப் பாத்திருக்கறாங்க.”

“ஒரே ஒரு போர். அதுவும் சுரங்க வாசல் பக்கத்துல.”

“ஒண்ணு பத்தாதுங்களா? எங்க தோட்டத்துல மண்ணு எத்தன அடி, பாறை எத்தன அடின்னு ஒரு போர் சொல்லீரும். இருபது ஏக்கருக்கும் அதேதான்.”

கோளாறு அங்கேதான் இருந்தது. தென்னந்தோப்பில் வளர்ந்தவருக்கு நிலம் என்றால் தட்டை. அவர் அந்தச் சுரங்கத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். பொம்பளை இறங்கலாமா என்று வாசலில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்துப் பேசிவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். நிலக்கரி அடுக்கு சமமாகத்தான் ஓடுகிறது. ஆனால் வாசலைத் தாண்டியதும் அதன் மேல் ஒரு குன்று ஏறுகிறது. சாரின் வரைபடத்தில் அந்தக் குன்று இல்லை.

“வாங்க சார், மேல போவோம்” என்றேன்.

“எங்க?”

“லயத்துக்குப் பின்னாடி. டவர் அங்கதான் கிடைக்கும்.”

கிளம்பும் முன் என் போனில் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று காட்டும் எண்ணை அவரிடம் நீட்டினேன். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. பையை முதுகில் மாட்டிக்கொண்டு, தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நான் முன்னால் ஏறினேன். பாதி தூரத்தில் அவர் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார். விறகுக்கட்டோடு இறங்கி வந்த என் அம்மா மூக்கம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஒங்க ஆபீஸராட்டி? இந்த மேட்டுக்கே இப்படி இளைக்காரு.”

“இருபது ஏக்கர் வச்சிருக்காரும்மா.”

“அதுல மேடே இல்லியோ?”

உச்சியில் ஒரு பாறை மேல் உட்கார்ந்து சார் மூச்சு வாங்கினார். போனைக் காட்டினேன். ஆயிரத்து நானூற்று எழுபத்து நான்கு.

“கார் நிக்குற எடம்தான் சுரங்க வாசல்னு வச்சுக்கோங்க சார், போர் போட்டது அங்க. பாதை போறது இதே உயரக் குன்னுக்கு அடியில. நூத்தி முப்பதோட இந்த அறுபதையும் கூட்டுங்க.”

அவர் கீழே காரைப் பார்த்தார். தீப்பெட்டி அளவு தெரிந்தது.

“அப்ப தூணப் பெருசாக்கி முப்பத்து நாலரை போடோணும். ஆறு பாதை வர்ற எடத்துல அஞ்சுதான் வரும். கிளையண்ட் நம்மள மாத்தீருவான்.”

“மாத்தட்டும்.”

“ஏம்மா, எஸ்டேட்டுல இருந்து வந்த புள்ளைன்னு வேல குடுத்தேன். நீ இப்படிப் பேசற.”

“ரேங்க் பாத்துக் குடுத்தீங்க சார், எஸ்டேட்டப் பாத்து இல்ல. எழுபது பேரு தலையில கல்லத் தள்ளுன்னு வேல ஆர்டர்லயும் எழுதல. நான் கையெழுத்துப் போடமாட்டேன். நீங்க போட்டு அனுப்புனா, சுரங்கப் பாதுகாப்பு ஆபீசுக்கு நான் எழுதுவேன்.”

வேலை போனாலும் போகட்டும் என்று முடிவெடுத்துத்தான் சொன்னேன்.  

 சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “புதுசா வரைய எத்தன நாள் ஆகும்?” என்றார்.

“வெள்ளிக்கிழமையே வரைஞ்சாச்சு.”

முதுகுப் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துப் பாறையில் வைத்தேன். ஒவ்வொரு தூணாகப் பெரிதாக்கிப் பார்த்தார். குன்றின் உயரக்கோடுகள் மேல் விரலை ஓட்டினார். ஒரு தப்பும் கிடைக்கவில்லை. கிடைக்காது என்று எனக்குத் தெரியும். கடைசியில், வடிவமைத்தவர் என்ற கட்டத்தில் இருந்த என் பெயரில் வந்து நின்றார்.

“இந்த எடத்துல ஆபீஸ் பேரு போட்டுக்கலாங்களா?”

“வேண்டாம் சார். என் பேரே இருக்கட்டும்.”

அவர் அதன் கீழே, சரிபார்த்தவர் கட்டத்தில் தன் பெயரை அடித்தார். உச்சியில் டவர் இரண்டு கோடு இருந்தது. அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தினார்.

“கிளையண்ட் கூப்புட்டுக் கேட்டா என்னுங்க சொல்றது?”

“அந்தக் குன்னு மேல ஒரு தடவ ஏறிட்டு வரச் சொல்லுங்க.”