சுவரில் ஒரு காற்றுவழி

நான்கு மணிக்கே தெருவிளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. ஜனீன் வேனைச் சரிவில் நிறுத்தி, முன்சக்கரத்தை நடைபாதைக் கல்லில் முட்டக் கொடுத்துவிட்டுக் கருவிப்பையை எடுத்துக்கொண்டாள். வட இங்கிலாந்தின் டாட்மர்டன் ஊரில் இந்தத் தெருவுக்கு இந்த நவம்பரில் மூன்றாவது முறையாக வருகிறாள். ஒரே வீடு, ஒரே கேஸ் கணப்பு. வாசலுக்குப் போகுமுன் முன்சுவரில் காற்றுவழியை மூடியிருந்த கம்பிவலை மேல் டார்ச் அடித்துப் பார்த்தாள். இலை இல்லை, சிலந்திக்கூடு இல்லை. சுத்தமாக இருந்தது.

கதவைத் திறந்தவர் ரோலண்ட். இந்தப் பள்ளத்தாக்கில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னும் ஆட்களை ஏற்றிக்கொள்கிற மாதிரிதான் ஒதுங்கி நின்று வழிவிடுவார்.

"வா கண்ணு. மாடியில உனக்கு ஒரு கட்டில் போட்டுடலாம்னு ஆட்ரி சொல்றா. வாடகை வேண்டாமாம்."

"காலைச் சாப்பாடு உண்டா?"

"உண்டு. ஆனா சமைக்கிறது நான். யோசிச்சுச் சொல்லு."

கூரை மாற்றியபோது இந்த வரிசை வீடுகளின் புகைபோக்கிகளை இடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இங்கே நிறைய வீடுகளில் புகைபோக்கி தேவைப்படாத கேஸ் கணப்புகள்தான். எரிந்த காற்று வெளியே போகாது, அறைக்குள்ளேயே திரும்பும். அதனால் அதன் தலையில் தேன்கூடு போலத் துளைகள் கொண்ட ஒரு வடிகட்டி உட்கார்ந்து நச்சை எடுத்துவிடும். கீழே ஓரத்தில் ஒரு சிறுசுடர் காவலுக்கு நிற்கும். அறையில் நல்ல காற்று குறைந்தால் அந்தச் சுடர் தன் இடத்தைவிட்டுத் தூக்கும். உடனே கேஸ் நின்றுவிடும். மூன்றாவது, வெளிச்சுவரில் எப்போதும் திறந்தே இருக்க வேண்டிய ஒரு காற்றுவழி. இந்த மூன்றையும் சரியாக வைத்திருப்பதுதான் ஜனீனின் வேலை.

முதல்முறை வந்தது வருடாந்தரச் சர்வீசுக்கு. முன்கண்ணாடியைக் கழற்றி, நிலக்கரி போலத் தெரிய அடுக்கியிருந்த பீங்கான் கரிகளை ஒவ்வொன்றாகத் துணியில் எடுத்துவைத்து, எரிகுழாயில் படிந்திருந்த பஞ்சுத் தூசியை மெல்லிய தூரிகையால் தள்ளி உறிஞ்சி எடுத்தாள். வடிகட்டியைத் தண்ணீர் படாமல் துடைத்தாள். கரிகளைக் கையேட்டுப் படத்தில் உள்ளபடியே திரும்ப அடுக்கினாள். ஒரு கரி விரலளவு நகர்ந்தாலும் தீ அதன்மேல் நாக்கு நீட்டிப் புகைக்கரி படியும். கேஸ் அழுத்தம் சரி. காற்றுவழியின் முன் ஒரு மெல்லிய தாளைப் பிடித்தாள். அது உள்பக்கம் வளைந்தது. அதுவும் சரி. கணப்பு ஒரு மணி நேரம் அழகாக எரிந்தது. இரண்டாவது முறை சிறுசுடர் எரியும் பாகத்தையே புதிதாக மாற்றினாள். அன்றும் அழகாக எரிந்தது. இரண்டு நாளும் பிற்பகல். ரோலண்ட் கிளப்பில் டாமினோ ஆடப் போயிருந்தார், வீட்டில் ஆட்ரி மட்டும். ஆனால் மறுநாள் காலையில் ரோலண்டிடமிருந்து போன் வந்துவிடும். நேற்று ராத்திரியும் டிவியில் செய்தி முடிவதற்குள் அணைந்துவிட்டது, உன்னைப் பார்த்தால் மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கிறது என்பார். நேற்று ஜனீன் சொல்லிவிட்டாள்: அது எப்போது அணைகிறதோ அப்போதே வந்து பார்க்கிறேன். நீங்கள் எதையும் மாற்றாதீர்கள். தினமும் எப்படி இருப்பீர்களோ அப்படியே இருங்கள்.

முன்னறையில் ஆட்ரி தன் நாற்காலியில் இருந்தாள். நாற்காலி தெருப்பக்கச் சுவரை ஒட்டிக் கிடந்தது. ஜன்னலின் கனத்த திரை அதன் முதுகு வரை இழுத்துவிடப்பட்டிருந்தது. இரண்டு வருடமாக ஆட்ரிக்கு நடுப்பார்வை கிடையாது. ஓரத்தில் விழுவது மட்டும்தான் தெரியும். ஜனீனின் குரல் கேட்டதும் முகத்தை வேறுபக்கம் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"பக்கவாட்டுல நீ அழகாத்தான் இருக்கே. நேரா பாத்தா ஆளே இல்ல."

ஜனீன் கணப்பை முழுதாக எரியவிட்டாள். கதவைச் சாத்தினாள். அறைக் காற்றை அளக்கும் கருவியைப் புத்தக அலமாரியின் மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஆட்ரி பேசிக்கொண்டிருந்தாள். ரோலண்ட் ஓட்டிய பஸ்ஸில் தினமும் ஏறுவதற்காகத் தனக்கு வேண்டாத ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்ததைச் சொன்னாள். ஆனால் அதே வருடம் அவர் வேறு பஸ் தடத்துக்கு மாறிக்கொண்டாராம். யூனியன் மாற்றியது, நான் என்ன செய்ய என்றார் ரோலண்ட். எத்தனையோ தடவை சொல்லித் தேய்ந்த கதை; இருவருக்கும் அதில் அவரவர் இடம் தெரிந்திருந்தது. ஆனால் போகப்போக ஆட்ரியின் வாக்கியங்கள் பாதியில் நின்றன. நெற்றியை விரல்களால் அழுத்திக்கொண்டாள். பிறகு தலை சாய்ந்தது. கருவியில் எரிந்த காற்றின் எண் ஏறிக்கொண்டிருந்தது. ஏற வேண்டியதுதான். ஆனால் இந்த அறையில், இந்தக் காற்றுவழியோடு, இதற்குள் அது ஓரிடத்தில் நின்றிருக்க வேண்டும்.

தேநீர் தருகிறேன் என்று ரோலண்ட் அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். கெட்டில் கொதித்து அடங்கிய பிறகும் அவர் அதைத் தொடவில்லை.

"தினமும் இப்படித்தான். விளக்கு வச்சா ஆரம்பிச்சுடும். தலைவலி, தூக்கம், பேச்சு குழறுது. போன வாரம் என்னைப் பாத்து, பஸ் எப்ப கிளம்பும்னு கேட்டா. வேடிக்கைக்குக் கேக்கல."

வியாழக்கிழமை ஞாபகசக்தியைப் பார்க்கிற டாக்டரிடம் போகிறார்களாம். லீட்ஸ் நகரில் இருக்கும் மகள் கெயில் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்து வைத்திருக்கிறாளாம். நல்ல இடம், ஆனால் ஒருவருக்குத்தான் இடம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் கோப்பைகளின் காதுகளை எல்லாம் ஒரே பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"அவ கொஞ்சம் கொஞ்சமா கிளம்பிட்டிருக்கா, கண்ணு."

முன்னறையில் சிறியதாக ஒரு சத்தம் கேட்டது. கேஸை நிறுத்தும் வால்வு விழுகிற சத்தம். ஜனீன் அதற்குள் எழுந்துவிட்டிருந்தாள்.

கணப்பு அணைந்திருந்தது. அவள் முதலில் ஜன்னலைத் திறந்தாள். பிறகு பின்கதவையும் திறக்கச் சொன்னாள். ஈரக்காற்று வீட்டுக்குள் நேராக ஓடியது. ஆட்ரி கண் விழித்து, யார் செத்துப்போனது என்று கேட்டாள். ஜனீன் அவளை நாற்காலியோடு மெல்ல நகர்த்திவிட்டுத் திரைக்குப் பின்னால் கையைவிட்டாள். காற்றுவழியின் உள்சட்டத்தைக் கழற்றியதும் விரலில் கம்பளி பட்டது.

இழுத்தபோது அது ஒரு ரொட்டியின் அளவில் முழுதாக வந்தது. பழைய கம்பளிக் கால்சட்டைத் துணியில் தைத்த சிறு தலையணை, உள்ளே காலுறைகள் திணித்தது. மூலைகளில் கறுப்பு நூலால் தாறுமாறாகத் தையல். சுவரின் துளைக்கு அளவெடுத்துச் செய்திருந்தது.

ரோலண்ட் வாசற்படியிலேயே நின்றார். சொல்லவைக்க வேண்டியிருக்கவில்லை.

"காத்து நேரா அவ கழுத்துல அடிக்குது. ராத்திரியெல்லாம் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. செப்டம்பர்ல தச்சேன்."

ஜனீனுக்கு அவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டவில்லை. கணப்பு கெட்டுப்போகவே இல்லை, ரோலண்ட். இத்தனை நாளும் அது உங்கள் இருவரையும் காப்பாற்றத்தான் தன்னை அணைத்துக்கொண்டிருந்தது என்றாள். சுவரில் மாட்டியிருக்கும் நச்சுவாயு அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று அவர் கேட்டார். அலாரத்துக்கு ஒரே ஒரு நச்சுதான் தெரியும், அதைக் கணப்பின் வடிகட்டியே எடுத்துவிடுகிறது; மீதி எரிந்த காற்றுக்கு இந்த ஓட்டைதான் வழி, நல்ல காற்று வருவதும் இதில்தான். வடிகட்டிக்கு ஒரு நாள் ஏதாவது ஆகியிருந்தால் என்று தொடங்கி, அதை முடிக்காமல் விட்டாள். ரோலண்ட் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவளுக்கு ஒன்றுதான் பிடிபடவில்லை. இரண்டு முறையும் அவளே இந்தத் துளையைப் பார்த்திருக்கிறாள். தாள் வளைந்தது. நான் வரும்போது மட்டும் எடுத்து ஒளித்துவைத்தீர்களா என்று கேட்டாள். இல்லை, செப்டம்பரில் வைத்ததுதான், அதற்குப் பிறகு நான் தொடவே இல்லை என்றார் ரோலண்ட்.

"அவரைக் கேக்காதே," என்றாள் ஆட்ரி. கோட்டைப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "எடுத்தது நான்."

தினமும் அவர் டாமினோவுக்குப் போனதும் சட்டத்தைத் தடவிக் கழற்றி அதை எடுத்துவிடுவாளாம். அவர் காலடி வாசலுக்கு வந்ததும் திரும்ப வைத்துவிடுவாளாம். வைத்தது யார் என்று முதல் நாளே தெரியும். இந்தத் தையல் வேறு யாருக்கு வரும். காற்றைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. டிவி அவளுக்கு வெறும் மங்கல், ஜன்னல் இரட்டைக் கண்ணாடி, அதில் ஒரு சத்தமும் வராது. அந்த ஓட்டை வழியாகத்தான் தெரு உள்ளே வரும். பள்ளிக்கூடம் விட்டு வருகிறவர்கள், எதிர்வீட்டுக்காரியின் குப்பைத்தொட்டி, மேட்டில் மூச்சு வாங்கி நிற்கிற தபால்காரர்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார் ரோலண்ட்.

"விரல்ல மூணு இடத்துல குத்திக்கிட்டுத் தச்சிருக்கே. எப்படிச் சொல்றது?"

ரோலண்ட் தலையணையைக் கையில் வாங்கி, தன் தையலை முதன்முறையாகப் பார்ப்பவர்போலத் திருப்பிப் பார்த்தார். ஜனீன் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். இது திரும்பச் சுவருக்குள் போகும் என்று எனக்குத் துளி சந்தேகம் இருந்தாலும் நான் கேஸை நிறுத்தி, கணப்பில் 'ஆபத்து' என்ற சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுத்தான் போக வேண்டும். எனக்கு உங்களைப் பிடிக்கும் என்பதற்காக அதைச் செய்யாமல் விட மாட்டேன். ரோலண்ட் தலையணையை அவள் கருவிப்பைக்குள் வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடினார். காற்றை மேல்பக்கம் திருப்பிவிடுகிற ஒரு மூடி இருக்கிறது, வழியை அடைக்காது, கழுத்திலும் விழாது, நாளைக் காலையில் கொண்டுவந்து மாட்டுகிறேன் என்றாள். அதில் சத்தம் வருமா என்று ஆட்ரி கேட்டாள். வரும் என்றாள் ஜனீன்.

ஜன்னலை மூடிவிட்டுக் கணப்பை மறுபடி ஏற்றினாள். மூவரும் கோட்டைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். காற்றுவழி திறந்திருந்தது. கருவியில் எண் கொஞ்சம் ஏறி, ஓரிடத்தில் நின்றது. ஜனீன் அவசரப்படவில்லை. அது நகர்கிறதா என்று டிவியில் செய்தி முடியும்வரை பார்த்தாள். நகரவில்லை. ஆட்ரியின் முகத்தில் நிறம் வந்திருந்தது. தலைவலி விட்டுவிட்டது என்றாள். தெருவில் நடந்தவர்களை அவள் காலடிச் சத்தத்தை வைத்தே ஒவ்வொருவராகப் பெயர் சொன்னாள். ரோலண்ட் திரையை விலக்கிப் பார்த்து, சரி, சரி என்றார். ஒருவரை அவள் தவறாகச் சொன்னபோதும் அவர் சரி என்றுதான் சொன்னார் என்பது ஜனீனுக்குத் தெரிந்தது. பிறகு ஆட்ரி, கெயில் இன்றைக்குப் போன் பண்ணவே இல்லையே என்றாள். காலையில் பண்ணினாளே, நீதானே அரைமணி நேரம் பேசினாய் என்றார் ரோலண்ட், கணப்பைப் பார்த்துக்கொண்டு.

"ஆமாமா, பேசினேன்," என்றாள் ஆட்ரி. சட்டென்று சொன்னாள்.

அது ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். ஜனீனே நேற்று யாரிடம் பேசினோம் என்று மறப்பவள்தான். அவள் கருவிகளை எடுத்துவைத்தாள். அலாரத்தின் பொத்தானை அழுத்திச் சோதித்தாள். மறுபடி தலைவலி வந்தால் உடனே கணப்பை அணைத்து, வெளியே போய், எனக்குப் போன் செய்யுங்கள் என்றாள். வியாழக்கிழமை டாக்டரிடம் இந்தத் தலையணையைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள், எத்தனை நாள் அடைத்திருந்தது என்பதையும் சொல்லுங்கள் என்றாள். ஆட்ரி அவள் கன்னத்தைத் தேடித் தட்டிவிட்டு, நாளைக்கு வரும்போது பசியோடு வா, சமைக்கிறது நான் என்றாள்.

தூறிக்கொண்டிருந்தது. ஜனீன் வேனின் பின்கதவைச் சாத்தும்போது ரோலண்ட் வீட்டுச் செருப்போடு நடைபாதையில் வந்து நின்றார். கோட் இல்லை. திரை விலகிய ஜன்னலில் ஆட்ரி தெரிந்தாள். கணப்பின் வெளிச்சம் பாதி முகத்தில் இருந்தது, மீதி முகம் காற்றுவழி இருந்த சுவரை ஒட்டி, அவர்கள் இருவர் பக்கமும் திரும்பியிருந்தது. ரோலண்ட் அதைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு, வேனுக்கு இந்தப்புறம் வந்தார்.

நான்தான் செய்தேன், ஒத்துக்கொள்கிறேன் என்றார். யாரிடம் வேண்டுமானாலும் ஒத்துக்கொள்கிறேன், கெயிலிடம், டாக்டரிடம். உள்ளே போங்கள் ரோலண்ட், நனைகிறீர்கள் என்றாள் ஜனீன். அவர் போகவில்லை. வேனின் கதவுப்பிடியை, அவள் திறக்க முடியாதபடி, பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவ குழறுறது, மறக்கிறது எல்லாம் அந்த ஓட்டையை நான் அடைச்சதாலதான். வேற ஒண்ணும் இல்ல. எல்லாம் என்னாலதானே, கண்ணு?"