மேட்டு வீட்டு மண்

மண் பரிசோதகருக்கு அந்தத் தீவின் மண்ணெல்லாம் அத்துப்படி. கரையோரம் வெள்ளை மணல், ஆற்றோரம் வண்டல், நடுச்சரிவு முழுக்கச் செம்மண். அந்தச் செம்மண்ணுக்கு அடியில்தான் வில்லங்கம். ஓராள் ஆழத்தில் வழுக்குக் களி. மழைநீர் இறங்கிக் களிமேல் தேங்கினால், மேலே இருப்பது மரமா, மாடா, வீடா என்று பாராமல் எல்லாம் கீழே கிளம்பிவிடும். வரைபடத்தில் அந்தச் சரிவுக்கு அவர் மஞ்சள் அடித்தார். மஞ்சள் என்றால் குடியிருக்க ஆகாது என்று அர்த்தம்.

அந்த மஞ்சளுக்கு நட்டநடுவே அவருடைய தங்கை வீடும் இருந்தது.

தங்கை பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் கணவர் தையற்காரர். கூடப் பிறந்தவள் குடும்பத்து வாயில் மண்ணைப் போட்ட மனுஷன் என்று, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அளவெடுத்துக்கொண்டே சொன்னார். அளவு மட்டும் பிசகவில்லை. வரைபடம் அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கையில், அவரே ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். வீட்டுக்குப் பின்னால் ஓராள் ஆழம் தோண்டி எடுத்த மண்ணாம். மறுபடி பார்க்க வேண்டுமாம்.

பரிசோதகர் ஒரு பிடி எடுத்து நனைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டினார். களியென்றால் திரியாக நீளும், வளைத்தால் வளையமாகும். இது பொலபொலவென்று உதிர்ந்தது. தையற்காரர் முகம் மலர்ந்தது. மேஜையில் உதிர்ந்ததற்கு நடுவே நகத்தளவுக்கு ஒரு சிப்பி கிடந்தது.

வீடு இருப்பது கடலுக்கு நானூறு அடி மேலே. கடல் மணலில் செம்மண்ணைக் கலந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வந்தவர், சலித்தாவது கொண்டுவந்திருக்கலாம்.

பரிசோதகருக்குக் கோபம் வரவில்லை. கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரம் சுமந்திருக்கிறாரே என்றுதான் தோன்றியது. சிப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். தையற்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன மழையிலேருந்து வாசக்கதவு மூட மாட்டேங்குது மச்சான். ரெண்டு தடவை இழைச்சுப் பார்த்துட்டேன். நிலை கோணிக்கிட்டே போகுது. மரம் ஊறிடுச்சுன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

பரிசோதகர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கிளம்புங்க மாப்பிள்ளை. அவளையும் பிள்ளைங்களையும் இப்பவே நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாம்."

வீட்டைப் பூட்ட வேண்டுமே என்று தையற்காரர் சட்டைப்பையில் சாவியைத் தேடினார். சாவி கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.