மே மாதத்திலிருந்து குற்றவாளி

ஏப்ரல் பதினைந்தாம் தேதி பிற்பகல் மூன்று மணி வரை நான் சட்டத்துக்கு அடங்கி நடந்த மனிதன். மூன்று ஐந்துக்கு, போன வருடம் மே மாதத்திலிருந்தே நான் விதியை மீறிக்கொண்டிருப்பதாக லவான் சொன்னாள்.

லவான் பள்ளிக்கூடத்தில் எனக்கு முன் வரிசை. இப்போது எங்கள் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, வயதானவர்களுக்கு வருமான வரிப் படிவத்தை இலவசமாக நிரப்பித் தருகிறாள். கடைசி நாளான ஏப்ரல் பதினைந்துவரை காத்திருந்து போகிற ஆள் வழக்கமாக நான் ஒருவன்தான்.

“டெல்மர், உன் மெடிகேர் அட்டையைக் காட்டு.”

“அதுக்கும் வரிக்கும் என்ன சம்பந்தம்?”

“காட்டுன்னா காட்டு. உன் எடையையா கேட்டேன்?”

எனக்கு வயது அறுபத்தெட்டு. தானியக் கிடங்கில் லாரி எடை போடுகிறேன். கம்பெனி மருத்துவக் காப்பீட்டோடு சேர்த்து ஒரு மருத்துவச் சேமிப்புக் கணக்கும் உண்டு. சம்பளத்திலிருந்து வரி பிடிக்கும் முன்பே அதற்குப் பணம் போய்விடும். வருடக் கடைசியில் தருகிற சம்பளத் தாளில், பன்னிரண்டாம் கட்டத்தில், டபிள்யூ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அந்தத் தொகை இருக்கும். போன வருடம் நாலாயிரத்து எண்ணூறு டாலர். நவம்பரில் முழங்கால் முரண்டு பிடித்ததால் அரசு பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்தேன். பென்ஷனோடு ஒட்டிக்கொண்டு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரும் வந்தது. இதுவரை எல்லாம் மனிதருக்குப் புரிகிற மாதிரிதான் நடந்தது.

“இதுல மே ஒண்ணுன்னு தேதி போட்டிருக்கு” என்றாள் லவான்.

“அச்சுப் பிழையா இருக்கும். நான் நவம்பர்லதான் எழுதிக் குடுத்தேன்.”

“பிழையில்ல. அறுபத்தஞ்சு தாண்டி ரொம்ப நாள் கழிச்சு எழுதிக் குடுத்தா, ஆறு மாசம் பின்னாடி போய் அது ஆரம்பிக்கும். மெடிகேர் வந்த மாசத்துலருந்து அந்தச் சேமிப்புக் கணக்குல ஒரு காசு போடக் கூடாது. நீ டிசம்பர் வரைக்கும் போட்டிருக்க.”

“மே மாசம் எனக்கு மெடிகேரே கிடையாதே.”

“மே மாசத்துல கிடையாது. நவம்பர்ல வந்தப்புறம், மே மாசமும் இருந்ததா ஆயிடுச்சு.”

கூட்டுறவுச் சங்கத்தின் காப்பி மேசையில் நான் எத்தனையோ கதை சொல்லியிருக்கிறேன். மிசூரி ஆற்றில் ஒரு மீன் என் படகு மோட்டாரை விழுங்கி, அதே மோட்டாரில் அணைக்கட்டு வரை போய்விட்டு வந்ததைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நடந்து முடிந்த ஆறு மாதத்தைத் திருத்தி எழுத எனக்குத் துணிவு வந்ததில்லை. அரசாங்கத்துக்கு வந்திருக்கிறது.

“லவான், நீ அட்டையைப் பாக்கலன்னு வச்சுக்கோ.”

அவள் கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். “கையெழுத்துக்கு மேல என்ன எழுதியிருக்கு, படி.”

ஐம்பது வருடமாக நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட வாக்கியம். இதில் உள்ளவை உண்மை, தெரிந்தே பொய் சொன்னால் தண்டனை உண்டு என்றது. வலது முழங்கால் தானாக ஆடத் தொடங்கியது. அந்த ஆட்டத்தில் மேல் தளத்தில் பெரிய அகராதி அலமாரியிலிருந்து விழுந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

“என்னை ஜெயில்ல போடுவாங்களா?”

“எதுக்கு, மூணு வேளை உன் கதையைக் கேக்கவா? இதப் பாரு. ஜனவரியிலருந்து ஏப்ரல் வரைக்கும் போட்டது செல்லும், ஆயிரத்து அறுநூறு. மீதி மூவாயிரத்து இருநூறு கூடுதல். அதை, அது சம்பாதிச்ச வட்டியோட சேத்து, கூடுதலாப் போட்டதுன்னு சொல்லி எடுத்துடு. சும்மா பணம் எடுக்குற மாதிரி எடுத்துடாதே. எடுத்ததை வருமானமாக் காட்டி வரி கட்டினா முடிஞ்சுது. உள்ளயே விட்டா வருஷா வருஷம் நூத்துக்கு ஆறு தண்டம். இன்னிக்குள்ள முடியலன்னா வேற வழியும் இருக்கு, ஆனா...”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. படியில் ஏறிக்கொண்டிருந்தேன்.

காரில் சாவியை நுழைக்க நாலு முறை முயன்றேன். முதன்மைச் சாலைக்கு வந்தபோது கண்ணாடியில் ஷெரீப்பின் போலீஸ் கார் தெரிந்தது. மணிக்கு இருபது மைலில் போனேன். அவரும் இருபது மைலில் வந்தார். எந்தப் பக்கமும் திரும்பாமலே இரண்டு பக்க விளக்கையும் மாற்றி மாற்றிப் போட்டேன். நாற்பத்து மூன்று வருடத்தில் என் மனைவி ஆர்டிஸ் என்னைப் பார்க்க எந்தச் சிறைக்கும் வந்ததில்லை. கம்பிக்கு வெளியே நின்று அவள் என்ன சொல்வாள் என்று நினைத்ததும் வேகத்தை இன்னும் குறைத்தேன். ஷெரீப் பெட்ரோல் நிலையத்தில் திரும்பி, சோடா வாங்கப் போனார்.

அந்தச் சேமிப்புக் கணக்கு இருக்கிற கடன் சங்கத்துக்குள் நுழைந்தபோது நாலு இருபத்தைந்து. ஐந்துக்கு மூடுவார்கள். பணம் தருகிற முகப்பில் கேலீன். எனக்கு முன்னால் வெர்லின், என்னோடு கிடங்கில் வேலை பார்க்கிறவன், என்னைவிட ஒரு வயது இளையவன். அவன் காசோலையை மாற்றிவிட்டு, வேடிக்கை பார்ப்பதற்காகவே அங்கே நின்றான்.

“மருத்துவச் சேமிப்புக் கணக்குலருந்து மூவாயிரத்து இருநூறு எடுக்கணும்” என்றேன்.

“எடுத்துக்கலாமே. சாதாரணமா எடுக்குறதுதானே?”

“இல்லம்மா. கூடுதலாப் போட்டதைத் திருப்பி எடுக்குறது. நவம்பர்ல எனக்கு மெடிகேர் வந்துச்சு. அதனால மே மாசத்துலருந்து நான் பணம் போட்டது தப்பாயிடுச்சு.”

கேலீன் உதட்டைக் கடித்தாள். வெர்லின் சுவரில் சாய்ந்து சிரித்தான்.

“சொல்லுய்யா சொல்லு. கேலீன், கதவைச் சாத்து, இது பெருசாப் போகும். மே மாசத்துல நீ தப்புப் பண்ணினதை நவம்பர் வந்து உன் காதுல சொல்லிச்சா?”

“வெர்லின், நான் விளையாடல.”

“நீ எப்ப விளையாடியிருக்க? போன வாரம் உன் எடை மேடை காத்தை எடை போட்டுச்சுன்னு சொன்னப்பவும் இதே மூஞ்சிதான்.”

கேலீன் அடக்கிக்கொண்டு, “சரிங்க டெல்மர், முழுசாச் சொல்லுங்க” என்றாள். பின் அறையிலிருந்து இன்னொருத்தியும் கேட்க வந்து நின்றாள். கடிகாரம் நாலு நாற்பது. நான் அட்டையை முகப்பில் வைத்தேன். நவம்பர், ஆறு மாதம், மே ஒன்று, டிசம்பர் என்று சொல்லிக்கொண்டே போனேன். சம்பளத் தாளை நீட்டிய கை நடுங்கியதில் அது மேசை விசிறிக்கு முன்னால் பிடித்ததுபோலப் படபடத்தது.

கேலீன் சிரிப்பதை நிறுத்தினாள்.

“உங்க கதைன்னா இந்நேரம் ஒரு மிருகமாவது வந்திருக்கும்” என்றாள் மெல்ல. “இதுல வெறும் தேதியா வருது.”

இழுப்பறைக்குள் தேடி ஒரு தாளை எடுத்தாள். அதில் பணம் எடுப்பதற்கான காரணங்கள் வரிசையாக இருந்தன. ‘கூடுதலாகச் செலுத்தியதைத் திரும்ப எடுத்தல்’ என்பதற்கு நேராகக் குறி போட்டாள். பதினொரு டாலர் நாற்பது சென்ட் வட்டியையும் சேர்த்தாள். நான் கையெழுத்திட்டேன். என் கையெழுத்துபோல அது இல்லை, ஆனாலும் ஏற்றுக்கொண்டாள். ரசீது கைக்கு வந்தபோது நாலு ஐம்பத்து மூன்று. மூச்சு விட்டேன். மதியத்திலிருந்து விட மறந்ததெல்லாம் சேர்ந்து வந்ததில், முகப்பிலிருந்த தாள்கள் பறந்தன.

வெர்லின் அவற்றைப் பொறுக்கக் குனியவில்லை. சிரிக்கவும் இல்லை.

“டெல்மர், இது அறுபத்தஞ்சு தாண்டின எல்லாருக்குமா?”

“நம்மள மாதிரி வேலையில இருந்துக்கிட்டே, அந்தக் கணக்குலயும் பணம் போட்டுக்கிட்டே, பென்ஷனுக்கு எழுதிக் குடுத்தா.”

“நான் போன மாசம் எழுதிக் குடுத்தேன்.”

மார்ச்சிலிருந்து பின்னோக்கி விரல்விட்டு எண்ணினான். ஒரு கை போதவில்லை. அடுத்த கையின் முதல் விரலில் வந்து நின்றான்.

“போன வருஷ வரிப் படிவத்தை நான் பிப்ரவரியிலேயே அனுப்பிட்டேனே” என்றான். அவன் முகம் மாவு பூசினதுபோல ஆகியிருந்தது.

கேலீன் எழுந்து போய் ‘மூடியிருக்கிறது’ என்று தெரிய வாசல் பலகையைத் திருப்பி மாட்டிவிட்டு வந்து, அதே இழுப்பறையைத் திறந்தாள். “உக்காருங்க வெர்லின். அட்டை வந்துடுச்சா?”

“நேத்து வந்துச்சு. லாரியில கிடக்கு. உறையைப் பிரிக்கல.”

அவன் உட்கார்ந்தபடியே லாரிச் சாவியை என்னிடம் நீட்டினான். நான் போனேன். லாரி கதவருகே நின்று, அவனுக்குப் பதிலாக உறையைப் பிரித்துப் பார்த்தேன். செப்டம்பர் ஒன்று.