நடிகனுக்குப் போட்ட நாற்காலி

ஷாங்காய் நீதிமன்றத்தில் அன்று எள் விழ இடமில்லை. தேயிலை வியாபாரி வீட்டுப் பெண்ணை நாடகக்காரன் கடத்திய வழக்கென்றால் சும்மாவா? வேலைவெட்டி இல்லாத ஊர் மொத்தமும் வாயைப் பிளந்துகொண்டு வந்திருந்தது.

கடத்தலாவது மண்ணாவது! அந்தப் பெண் லான்சினின் அம்மாவே பரிசம் வாங்கி, சிவப்புப் பல்லக்கில் ஏற்றி, முறைப்படி கட்டிக்கொடுத்தாள். அந்த அம்மா போன மாதம் செத்துப்போனாள். உடனே சித்தப்பா ஃபாங் புகார் கொடுத்துவிட்டார். ஒரு கிழட்டு உப்பு வியாபாரிக்கு இவளை வைப்பாட்டியாகத் தள்ளிவிட அவர் பேசி முடித்திருந்தார். 'கல்யாணம் நடந்தது' என்று புருஷன் ஷெங் யூதாங் ஒரு வார்த்தை சொன்னால் லான்சின் தப்பித்தாள்.

யூதாங் உள்ளே வந்தான். மன்னராட்சியில் கூத்தாடி கல்தரையில் மண்டியிட வேண்டும். நல்ல குடும்பத்துப் பெண்ணைக் கட்டினால் முதுகுத்தோல் உரியும். இப்போது குடியரசு. அவன் நடிகர் சங்கத் தலைவர் வேறு. ஆனாலும் பழக்கத்தில் மண்டியிடப் போனான்.

"அட, எந்திரிங்க ஷெங் ஐயா!" என்றார் நீதிபதி. "நீங்களும் இப்ப மதிப்பான குடிமகன். யாருப்பா அங்க, ஐயாவுக்கு நாற்காலி போடு."

அந்த நீதிமன்றத்தில் அதுவரை எந்த நடிகனும் உட்கார்ந்ததில்லை. பட்டு அங்கியை நீவிவிட்டு அமர்ந்தவனின் முகம் பூரித்துப்போனது. எதிரே நின்ற லான்சின் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தம்மா உங்க சம்சாரமா?" என்றார் நீதிபதி. "பாத்துச் சொல்லுங்க. நல்ல வீட்டுப் பொண்ணை இழுத்துட்டு வந்தவன்னு பத்திரிகைக்காரன் நாளைக்கே உங்க பேரை நாறடிச்சிடுவான்."

யூதாங் அவள் பக்கம் திரும்பவில்லை. "தானா வந்து நின்னாங்க. பாவம்னு இடம் கொடுத்தேன். கல்யாணமெல்லாம் இல்லீங்க."

"அப்ப கடத்தல் வழக்கே வேணாங்க!" என்று சித்தப்பா குதித்தார். "எங்க வீட்டுக் கழுதைய எங்ககிட்டயே கொடுத்துடுங்க, போதும்."

"ஆகட்டும்," என்றார் நீதிபதி. "ஏம்மா, நீ எதாவது சொல்லணுமா?"

லான்சின் யூதாங் பக்கம் திரும்பினாள். அவனைப் பார்த்தே கேட்டாள்.

"தினம் ராஜாவா நடிக்கிறீங்களே, இன்னிக்கு ஒரு நாள் புருஷனா நடிச்சிருக்கக் கூடாதா?"

"பலே! பலே!" என்று கொட்டகையில் கத்துவது போலவே கூட்டம் கத்தியது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், யூதாங் எழுந்தான். கைகளைக் குவித்து, இடமும் வலமும் திரும்பி, அழகாகக் குனிந்து கூட்டத்தை வணங்கினான்.

அவன் நிமிர்வதற்குள் சித்தப்பா அவளை வாசல் தாண்டிக் கொண்டுபோயிருந்தார்.