காயாத பாதை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று சொல்பவர்கள் ஒருமுறை நீர்வண்ணத்தில் பிறந்தநாள் அட்டை வரைந்து பார்க்கட்டும். எண்ணெய் வண்ணத்தில் தப்புச் செய்தால் மேலே இன்னொரு பூச்சுப் பூசி மறைத்துவிடலாம். இதில் அந்தப் பேச்சே கிடையாது. என் பெட்டியில் வெள்ளை என்று ஒரு வண்ணமே இல்லை. வெள்ளை வேண்டிய இடத்தில் காகிதத்தைத் தொடாமல் விட வேண்டும். தொட்டால் தொட்டதுதான். அதனால் நான் வரையும்போது யாராவது கூப்பிட்டால் எரிந்து விழுவேன்.

என் வீட்டுக்காரருக்கு இது பழகிப் போயிற்று. முப்பது வருஷம் அச்சகத்தில் காகிதம் வெட்டியவர். இப்போது சாப்பாட்டு மேஜையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து எனக்கு அட்டை வெட்டி, கரண்டிக் காம்பால் மடிப்பை அழுத்தித் தருகிறார். என் முன்னால் இரண்டு கண்ணாடி ஜாடிகள் இருக்கும். ஒன்று தூரிகை கழுவ, இன்னொன்று வண்ணம் கரைக்க. இரண்டாவது கலங்கியதும் தலையைத் தூக்காமல் "தண்ணி" என்பேன். அவர் அதைக் கொட்டிவிட்டு வேறு நிரப்பி வைப்பார். எங்கிருந்து நிரப்புகிறார் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. போன் அடித்தாலும் அவர்தான் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் தள்ளிவிடுவார். என் கை எப்போதும் வண்ணமும் ஈரமுமாக இருக்கும்.

அந்தப் பெண் ஒரு புதன்கிழமை காலையில் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தலையை வாரியிருந்தாள், ஆனால் ஒரு பக்கம் மட்டும்.

"என் பையனுக்குப் பிறந்தநாள் கார்டு வேணும்க்கா. ஏழு முடியுது" என்று சொல்லி ஒரு புகைப்படத்தை மேஜையில் வைத்தாள். மஞ்சள் சுவர், மரக்கதவு, இரண்டு படி, வாசலிலிருந்து வெளிக்கேட் வரை ஒரு மண்பாதை.

"இந்த வீட்டை அச்சு அசலா வரையணும். கதவு திறந்திருக்கணும். பாதை நல்லாத் தெரியணும். ஆளு யாரையும் போட்டுடாதீங்க."

"சின்னப் பையனுக்குன்னு சொல்றே. ஒரு பலூன் கூடவா வேணாம்?"

"வேணாம்க்கா. அவனுக்கு வழி தெரிஞ்சாப் போதும்."

பிறகு பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். லேசாகப் பச்சையோடிய தண்ணீர். அடியில் பொடி மணல் போல ஏதோ படிந்திருந்தது.

"இந்தத் தண்ணியிலதான் வரையணும்."

"ஏம்மா, எங்க வீட்டுக் குழாயில வர்றது தண்ணி இல்லையா?"

"அவனுக்கு இந்தத் தண்ணிதான்க்கா பழக்கம்."

சிரிக்க வாயெடுத்தவள், சரி என்று சொல்லிப் பாட்டிலை வாங்கிக்கொண்டேன். அவள் போனதும்தான் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபது வருஷமாகத் தூரிகை பிடிக்கிறவளுக்கு எந்தத் தண்ணீரில் வரைய வேண்டும் என்று இவள் பாடம் எடுக்கிறாளா!

"கேட்ட மாதிரி செஞ்சு குடுத்துட்டுப் போயேன். உனக்கு என்ன வந்துச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"பாசித் தண்ணியில வரைஞ்சா காகிதம் நாறும். குழாய்த் தண்ணியில வரைஞ்சா இவளுக்குத் தெரியவா போகுது?"

செடிக்கு ஊற்றலாம் என்று பாட்டிலைச் சமையலறை ஜன்னல் திட்டில் வைத்தேன். அன்றைக்கே குழாய்த் தண்ணீரில் அட்டையை முடித்தேன். படம் நன்றாக வந்திருந்தது. திறந்த கதவும் ஆளில்லாத பாதையும் பார்க்கப் பார்க்க ஒரு மாதிரி மனதைப் பிடித்து இழுத்தன. மறுநாள் என் மகளின் பிறந்தநாளுக்கு அதே மாதிரி ஒன்று வரைய உட்கார்ந்தேன்.

மகள் பஸ்ஸில் மூன்று மணி நேரம் போகிற ஊரில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். மூன்று முறை குழந்தை வயிற்றில் நின்று, மூன்று முறையும் தங்காமல் போனது. மூன்றாவதுக்குப் பிறகு அவள் போனில் சிரித்து நான் கேட்டதில்லை. "நல்லா இருக்கேன்மா" என்பாள், வைத்துவிடுவாள். அவள் வீட்டின் நீலக் கதவு எப்போது போனாலும் சாத்தித்தான் இருக்கும். அட்டையிலாவது திறந்திருக்கட்டும் என்று எனக்கு ஆசை.

"தண்ணி" என்றேன். வைத்தார். வரைந்தேன்.

வானம் காய்ந்தது. சுவர் காய்ந்தது. நீலக் கதவும் காய்ந்தது. பாதை மட்டும் காயவில்லை. அது மண்டையைப் பிளக்கிற கோடை. துணி போட்டால் அரை மணியில் மொறுமொறுவென்று ஆகிவிடும். தலைமுடி காய வைக்கும் மிஷினைப் பிடித்துப் பார்த்தேன். வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தேன். பார்வைக்குக் காய்ந்துவிட்டது. விரலை வைத்தால் சில்லென்று இருந்தது. தபால் எடுக்கிற நேரம் ஆகிவிட்டதால் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பிவிட்டேன். அந்த வாரம் நான் செய்த தப்புகளில் அது இரண்டாவது.

சனிக்கிழமை மகள் கூப்பிட்டாள்.

"கார்டு வந்துடுச்சும்மா. ரொம்ப அழகா இருக்கு. பாதை மட்டும் இன்னும் ஈரமா இருக்கே?"

"காத்தாடிக்குக் கீழ வை. காஞ்சிடும்."

"கேட் பக்கத்துல ஒரு புள்ளி வச்சிருக்கியே, அது யாரு?"

"நான் புள்ளி எதுவும் வைக்கலையே. ஏதாவது சொட்டியிருக்கும்."

ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டாள். அவளாகவே இரண்டு நாள் தொடர்ந்து கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! "அம்மா, அது புள்ளி இல்ல. குட்டிப் பையன். நேத்து கேட் பக்கத்துல இருந்தான். இன்னிக்குப் பாதையில வந்துட்டான்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நானோ, அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

திங்கட்கிழமை, பிறந்தநாளன்று, போட்டோ எடுத்து அனுப்பினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பாதையின் நடுவில் ஒரு பையன். அரைக்கால் டவுசர். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். அது என் கை இல்லை. யார் கையும் இல்லை, ஏனென்றால் தூரிகை இழுத்த கோடு ஒன்றுகூட அதில் கிடையாது. காயாத வண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அது தானாகப் பரவி, ஓரத்தில் ஒரு கரை கட்டி நிற்கும். எங்கள் வேலையில் அது பிழை. அந்தப் பையன் தலையிலிருந்து கால் வரை அப்படிக் கரைகட்டியே உண்டாகியிருந்தான்.

எழுந்து சமையலறைக்குப் போனேன். ஜன்னல் திட்டில் பாட்டில் இருந்தது. காலியாக.

"என்னங்க, இதுல இருந்த தண்ணி எங்க?"

"வியாழக்கிழமை குழாயில தண்ணி வரல. நீ வேற 'தண்ணி'ன்னு கத்தினே. கைக்கு எட்டினதை ஊத்தினேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், என்ன ஆச்சு?" என்றார்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தால் அந்தப் பாட்டில் அங்கே இருந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை நானே மகளைக் கூப்பிட்டேன். "கண்ணு, அந்தக் கார்டைக் கிழிச்சுப் போட்டுடு. அம்மா வேற வரைஞ்சு அனுப்புறேன்."

"கிழிக்கவா? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்காம்மா?" அவள் குரல் உடைந்தது. "படிக்கிட்ட வந்துட்டான். என்னைத்தான் பார்க்கிறான். என்கிட்ட வந்த எதையும் நான் இதுவரைக்கும் தக்க வச்சுக்கல. இவனை விடமாட்டேன்."

போனை வைத்துவிட்டாள். நான் அன்று முழுக்கத் தூரிகையைத் தொடவில்லை.

புதன்கிழமை காலையில் அந்தப் பெண் வந்துவிட்டாள். இந்த முறை தலையை இரண்டு பக்கமும் வாரியிருந்தாள். அட்டையைக் கொடுத்தேன். படத்தைப் பார்த்து முகம் மலர்ந்தது. "எங்க வீடேதான்" என்றாள். பிறகு பாதையின் மேல் மெதுவாக விரலை வைத்தாள். மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

"காஞ்சிருக்கேக்கா."

"காயாம? வரைஞ்சு ஒரு வாரம் ஆச்சேம்மா."

"என் தண்ணியிலதானே வரைஞ்சீங்க?"

"பின்னே? உன் தண்ணியிலதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பொய். மேஜையின் அந்தக் கோடியில் வீட்டுக்காரர் கரண்டியைக் கையில் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். சண்டை என்றால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். அவளோ பையைத் திறந்து ஏழெட்டு அட்டைகளை எடுத்து வரிசையாகப் பரப்பினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வரைந்தது போன்ற கோணல் வீடுகள். ஒவ்வொன்றிலும் பாதை பாதியில் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு உருவம், முதுகைக் காட்டிக்கொண்டு.

"நானே வரைஞ்சு பார்த்தேன்க்கா. பாதி வழி வருவான். எனக்குத்தான் வரைய வராதே. வீட்டை அவனுக்கு அடையாளம் தெரியல. திரும்பிப் போயிடுவான்" என்றாள். "நல்லா வரையறவங்க யாருன்னு விசாரிச்சுத்தான் உங்ககிட்ட வந்தேன். அவன் முழுகின ஏரி இந்தக் கோடையில வத்திப் போச்சு. நான் குடுத்ததுதான் கடைசி பாட்டில்."

என் பார்வை சமையலறை ஜன்னல் பக்கம் போனது.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு தெரியுதுக்கா. பரவாயில்ல. அந்தத் தண்ணி எங்க போச்சோ, அங்கதான் அவன் இருப்பான். அந்த வீட்டுக்காரங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. காதுல தண்ணி போனா அவனுக்கு ரொம்பப் பயம். குளிக்கும்போதுகூடக் காதைப் பொத்திக்கிட்டேதான் நிப்பான். முதல்ல காதைத் துடைச்சு விடச் சொல்லுங்க."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மகளின் சிரிப்பு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். என்னைப் போல ஒரு பாவி உண்டா? ஒருத்தியின் பிள்ளையை என் பிள்ளைக்காக ஒளித்து வைத்துக்கொண்டு, அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் போன் அடித்தது. வீட்டுக்காரர் கை பழக்கத்தில் நீண்டது. எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, என் பக்கம் தள்ளினார்.

"அம்மா!" மகள் மூச்சு வாங்கப் பேசினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "கார்டு காஞ்சிடுச்சும்மா. பாதையில இப்போ யாரும் இல்ல. கதவும் சாத்தியிருக்கு. நீ திறந்துதானே வரைஞ்சே?"

அவள் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஈரக்கால் தரையில் பட்டுப் பட்டு ஓடுகிற சத்தம். கூடத்தின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது. மருமகன் அந்நேரம் வேலைக்குப் போயிருப்பார். அந்த வீட்டில் ஓடுவதற்கு வேறு ஆள் கிடையாது.

"ஏன்மா இவன் காதைப் பொத்திக்கிட்டே ஓடுறான்? நான் பேசுறது எதுவும் இவனுக்குக் கேக்கல போலிருக்கும்மா."

எதிரில் இருந்தவள் அசையவில்லை. கண்களை மூடி, அந்தக் காலடிச் சத்தம் போகிற திசையெல்லாம் தலையைத் திருப்பிக் கேட்டாள். அது நின்றதும் கண்களைத் திறந்து, போனில் கேட்காதபடி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"உங்க பொண்ணாக்கா?"

"ஆமா."

"குழந்தைங்க?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். கோணல் வீடுகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பைக்குள் வைத்தாள். "அவங்க எந்த ஊரு? பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள்.

ஒன்பது வருஷமாகப் போய்வருகிற ஊர். பஸ் நேரமெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இன்றைக்கு பஸ் இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். வீட்டுக்காரர் முதல் முறையாகத் தலையைத் தூக்கி என்னை நேராகப் பார்த்தார்.

ஊர்ப் பெயரை மெல்லச் சொல்லி, "பதினொன்னு இருபதுக்கு ஒண்ணு இருக்கு" என்றேன். "அங்க போஸ்ட் ஆபீசுக்கு எதிர்ல நிக்கும். அதுக்குப் பக்கத்துல நீலக் கதவு வீடு."

அவள் எழுந்தாள். மேஜையில் கிடந்த என் அட்டையை, குழாய்த் தண்ணீரில் வரைந்து நான் அவளை ஏமாற்றப் பார்த்த அதே அட்டையை, எடுத்து முந்தானையில் துடைத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"இதை அவன்கிட்ட காட்டுவேன்க்கா. இப்போ வீடு அடையாளம் தெரியும்."

வாசல் வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். நான் மேஜையில் இருந்த இரண்டு ஜாடிகளையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, லைன்ல இருக்கியா?" என்று என் மகள் கேட்டாள். "இவனுக்கு என்ன சாப்பிடக் குடுக்கட்டும்? சொல்லும்மா."