புதுசின் பதினேழாம் ஆண்டு

லிஃப்ட் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர்களின் பாதங்கள், வேலை நிரந்தரமாகும் நாள்வரை, தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்திலேயே இருந்தன. சேர்க்கைத் தாளில் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடும்போது கால் மேலே எழும்பும். ஆறு மாதம் கழித்து நிரந்தர உத்தரவு கைக்கு வந்ததும், கடைசிப் படியைக் கவனிக்காமல் இறங்கியவர் போல ஒரு குலுங்கலோடு தரைக்கு வருவார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் கை தட்டுவார்கள். இதில் யாரும் வியந்ததாகத் தெரியவில்லை. பணி விதிகள் புத்தகத்தின் ஆறாம் பக்கத்தில், சீருடை பற்றிய குறிப்புக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் நடுவே, ‘தகுதிகாண் காலத்தில் உள்ளவர்கள் மின்விசிறிக்கு நேர் எதிரே நிற்க வேண்டாம்’ என்று ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான்.

வடச் சோதனைப் பிரிவில் வேலைக்கு வந்த பெண்ணுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. லிஃப்டைத் தாங்கும் எஃகு வடங்களை இயந்திரத்தில் மாட்டி, எவ்வளவு எடைக்கு அறுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. எல்லோரும் அவளைப் ‘புதுசு’ என்று கூப்பிட்டார்கள். ஆனால் இந்தத் தொழிலுக்கு அவள் புதுசு இல்லை. அதற்கு முன் வடம் செய்யும் ஒரு ஆலையில் ஒன்பது வருடம் இதே வேலையைப் பார்த்தவள். அங்கே ஒருநாள் ஏழு வடச் சுருள்கள், தாங்க வேண்டிய எடையில் பாதியைத் தாண்டியதுமே இழை இழையாகப் பிரிந்தன. தேறியதாக எழுதிய தாளை மேலாளரே எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. அவள் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது, கேட்காமலே நான்கு நாள் லீவு கொடுத்தவர்.

“ஒரு கையெழுத்துதானேம்மா. உன் தலையையா கேட்டேன்?”

“இதுல தொங்கப் போறது யார் தலைன்னு தெரியாதே சார்.”

அவள் போடவில்லை. வேறு யாரோ போட்டார்கள். அந்த வாரமே, அவளாகவே வேலையை விட்டுப் போவதாக அவளிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். சுருள்கள் எந்தக் கட்டடத்துக்குப் போயின என்று அவளுக்குத் தெரியாது. அன்றிலிருந்து எங்கே போனாலும் அவள் மாடிப்படியில்தான் ஏறினாள்.

லிஃப்ட் தொழிற்சாலையில் அவளோடு சேர்ந்த பதினோரு பேரும் ஆறாம் மாதம் ஒவ்வொருவராகத் தரைக்கு வந்தார்கள். அவள் வரவில்லை. ஹெச்.ஆர். மேடம் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பழைய இடத்துக்குப் போன் போட்டு விசாரித்தாகிவிட்டது. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை வேலை பார்த்தார் என்று மேலாளர் சொல்லியிருந்தார். படிவத்தில் கடைசிக் கேள்வி, இவரை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்வீர்களா என்பது. அதற்கு அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, போனை வைத்துவிட்டார்.

“அவர் உங்களப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை சொல்லல” என்றார் மேடம்.

“நல்லதா?”

“அதுவும் சொல்லல. அதான் பிரச்சனை.”

தகுதிகாண் காலம் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது. பிறகு இன்னொரு ஆறு மாதம். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி போனில் போனது, அதே மௌனம் திரும்பி வந்தது. மேடம் அதைப் படிவத்தில் ஒரு கோடாகப் போட்டு, நாள் குறித்துக் கோப்பில் வைத்தார்.

இப்படியே எட்டு வருடம் ஓடியது. அவளுடைய ஒரே ஜோடிச் செருப்பு தேயவே இல்லை. ஆஸ்பத்திரி எடை மெஷின் அவளுக்குப் பூஜ்யம் காட்டியது. நர்ஸ் ‘தெரியவில்லை’ என்று எழுதிக்கொண்டார். வீட்டுச் சொந்தக்காரர், கால் தரையில் படாதவர்கள் பேரில் வாடகை ஒப்பந்தம் போடுவதில்லை என்று சொல்லி, குழாய் ரிப்பேர் பார்க்கும் அவள் கணவர் பேரில் போட்டார். பலமாகக் காற்றடிக்கும் நாளில் கணவர் பஸ் நிறுத்தம்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். மகள் பள்ளிக்கூடத்தில் அம்மா படம் வரையும்போது காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு வெள்ளை இடம் விட்டாள். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தாள். நிரந்தரமாகாதவர்களுக்கு ஒருநாளுக்கு மேல் சேர்ந்தாற்போல் லீவு கிடையாது. அவள் அப்பா சாகக் கிடந்தபோது ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அவர் மறுநாள் இறந்தார். அன்று அவள் பதினான்கு சுருள் சோதித்தாள்.

“வேற எடம் பாரேன்” என்றார் கணவர்.

“அங்கயும் அதே ஆளுக்குத்தானே போன் போடுவாங்க?”

ஒன்பதாம் வருடம் ஆர்டர் இல்லாமல் வட ஆலை மூடப்பட்டது. இரண்டு மாதம் கழித்து அதன் மேலாளர் இந்தத் தொழிற்சாலைக்கே, வடச் சோதனைப் பிரிவின் உதவித் தலைவராக, வேலைக்கு வந்து சேர்ந்தார். அவர் கால்களும் எழும்பின. ஐம்பத்து மூன்று வயதில் அது அவருக்குப் பிடிபடவில்லை. முதல் வாரம் படகில் ஏறியவர் போல வாந்தி எடுத்தார். கதவைப் பிடித்துக்கொண்டு திரும்புவது எப்படி, மின்விசிறி சுற்றும்போது எந்தச் சுவர் ஓரமாகப் போவது என்று புதுசுதான் சொல்லிக் கொடுத்தாள். பழைய பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

ஐந்தாம் மாதம் மேடம் அவளைக் கூப்பிட்டார். மூடிப்போன ஆலையில் போனை எடுக்க ஆள் இல்லை. “அவரோட வேலை பார்த்தவங்க இங்க நீங்க ஒருத்தர்தான். நாலு வரி எழுதிக் குடுங்க.” எழுதுகிறவரின் கால் எங்கே இருக்க வேண்டும் என்று விதிப் புத்தகம் எதுவும் சொல்லவில்லை.

மேலாளர் மாடிப்படி அருகே காத்திருந்தார்.

“கேக்க எனக்கு அருகதை இல்லம்மா. வீட்டுக்காரிக்கு வாரம் மூணு தடவை டயாலிசிஸ். ஆஸ்பத்திரி கார்டு நிரந்தரமானாத்தான் குடுப்பாங்களாம்.”

“அந்த ஏழு சுருளும் எங்க போச்சு சார்?”

“தெரியலம்மா.” கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “நான் கேக்கல.”

அன்று சாயங்காலம் அவள் அடுப்படியில் உட்கார்ந்து எழுதினாள். முதல் தாளில் ஏழு சுருளும் இருந்தன. அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தாள். இரண்டாம் தாளில், நேரத்துக்கு வருவார், தொழில் தெரிந்தவர், கீழே வேலை செய்பவர்களின் வீட்டுக் கஷ்டம் அறிந்தவர் என்று எழுதினாள். எல்லாம் உண்மை. கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று போட்டாள். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, “உனக்கு என்ன பைத்தியமா?” என்றார்.

“அவர் பண்ணதையே நானும் பண்ணணுமா?”

ஆறு மாதம்கூட ஆகவில்லை, அடுத்த வாரமே அவர் கால் தரையில் பட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். அந்த வருடக் கடைசியில் அவர் பிரிவுத் தலைவரானார். அவளுடைய படிவம் அவர் மேசைக்கு வந்தது. அவளை உள்ளே கூப்பிட்டு, நாற்காலி காட்டி, தானே எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“இப்ப உனக்கு நல்லா எழுதினா, அன்னைக்குப் போன்ல ஏன் வாயத் தெறக்கலன்னு கேப்பாங்க. அப்புறம் அந்தச் சுருளப் பத்திச் சொல்லணும். சொன்னா என் வேலை போயிடும். என் நெலமையப் புரிஞ்சுக்கோம்மா.”

அவள் அவர் காலைப் பார்த்தாள். புது ஷூ. குதிகால் அதற்குள் ஒரு பக்கம் தேய ஆரம்பித்திருந்தது.

“புரியுது சார்” என்றாள்.

“ஆறு மாசம் போட்டிருக்கேன். அடுத்த தடவை பாக்கலாம்.”

கோபம் வரும் என்று நினைத்துத்தான் அவள் அறையை விட்டு வெளியே வந்தாள். தூக்கம்தான் வந்தது. முகம் கழுவிக்கொண்டு இயந்திரத்துக்குத் திரும்பினாள். அன்று பத்துச் சுருளில் இரண்டைத் தேறாது என்று கழித்தாள். தலைவர் ஒரு வார்த்தை கேட்காமல் கீழே கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகும் அவள் கழித்த எதையும் அவர் தேற்றச் சொன்னதில்லை. ஓய்வு பெறும்வரை அவளுடைய படிவத்தில் ‘ஆறு மாதம்’ என்று எழுதுவதையும் நிறுத்தவில்லை. அவருக்குப் பின் வந்தவர், முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்து அப்படியே எழுதினார்.

பதினேழாம் வருடம் அவளுக்கு முதுகுவலி வந்தது. அத்தனை வருடமும் குனிந்தே வேலை பார்த்ததால் வந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். தொழிற்சாலை தட்டிக்கழிக்கவில்லை, தச்சரை வரவழைத்தது. அவர் அவள் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே டேப்பை வைத்து அளந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, மேசையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று கணக்குச் சொன்னார்.

“கட்டை குடுத்துத் தற்காலிகமா ஏத்தட்டுமா, நெரந்தரமாவே போட்டுடட்டுமா?”

ஹெச்.ஆர். மேடம் கோப்பைப் பார்க்கவே இல்லை. “நெரந்தரமாவே போட்டுடுங்க” என்றார்.

தச்சர் தரையைத் துளைத்து, மேசையின் நான்கு கால்களையும் போல்ட் போட்டு இறுக்கினார். புதுசு அன்றைய முதல் சுருளைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். உயரம் சரியாக இருந்தது.