ஓரத்தில் எழுதியிருப்பது

கூரைத் தகரத்தின் ஓட்டைகளில் வானம் சாம்பல் நிறமாகத் தெரியும்போதே அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஆறு பஞ்சிங் மெஷின்களும் வாய் திறந்து வாய் மூடத் தொடங்கிவிடும். ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டு இரும்புப் பலகைகள். ஒன்று அசையாமல் நிற்கும். கத்திகள் பதித்த அச்சு அதில்தான் இருக்கும். இன்னொன்று விலகிப் போய்த் திரும்பி வந்து அதன் மேல் அறையும். அது விலகும் நேரத்தில் ஒரு கை வெட்டிய அட்டையை எடுக்க வேண்டும், இன்னொரு கை புது அட்டையை வைக்க வேண்டும். அது திரும்பி வருவதற்குள் இரண்டு கையும் வெளியே இருக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். அட்டைத் தூள் மூக்கில் ஏறும், பசை நாற்றம் தொண்டையில் நிற்கும், நெஞ்சுக்கூடு பலகையின் அடிக்குத் தாளம் போடும்.

நாலாம் நம்பர் மெஷினில் சின்னவள் நின்றாள். அக்காவும் தங்கையுமாக வேலைக்குச் சேர்ந்தபோது கூட்டாளிகள் வைத்த பெயர்கள், பெரியவள், சின்னவள். பெரியவள் போய்ச் சேர்ந்து மூன்று மாதமாகிறது. இவளை இன்னும் சின்னவள் என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிடும்போதெல்லாம் பக்கத்தில் இன்னொருத்தியும் திரும்பிப் பார்ப்பதுபோல இருக்கும்.

அக்கா நின்ற இடமும் இதுதான். சின்னவள் முன்பு பசை ஒட்டும் பிரிவில் இருந்தாள். காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று மேனேஜர், "அக்கா எடம் தங்கச்சிக்குத்தான். கூலியும் கொஞ்சம் கூட வரும்" என்றார், பெரிய உபகாரம் செய்பவரைப்போல. வீட்டில் அக்காவின் மகளும் இருந்தாள். மறுக்க வாய் வரவில்லை.

பெரியவள் மெஷினோடு பேசிக்கொண்டே வேலை செய்வாள். "போ தாயி... வா தாயி..." இப்போது பலகை விலகும்போதெல்லாம் அந்த இருட்டு இடுக்கிலிருந்து அதே பேச்சு வந்தது. சத்தத்தில் காது ஏமாறுகிறது என்று சின்னவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஆனால் "வா தாயி" என்னும்போது கை ஒரு நொடி தயங்கும். இந்த வேலையில் ஒரு நொடி என்பது பெரிய சொத்து.

வாசல் பக்கச் சுவரில் ஆறு தாள்கள் ஒட்டியிருந்தன. மெஷினுக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு நீலக் கோடு. போன வருஷம் மேனேஜர் அவற்றை ஒட்டியபோது யாருக்கும் விளங்கவில்லை. "பாம்பு படமா சார்?" என்று கேட்டாள் மூணாம் நம்பர் அக்கா. அவள் மூணாம் நம்பர் மெஷின்காரி. அதனால் அந்தப் பெயர். மேனேஜர் சிரித்தார். "கோடு மேல போனா நல்லா வேலை செய்யறீங்கன்னு அர்த்தம். கீழ வந்தா சோம்பேறின்னு அர்த்தம்."

அது போதுமாயிருந்தது. யார் கோடு உயரம் என்று ஒரு போட்டி வந்துவிட்டது. காலையில் வந்ததும் பெரியவள் சுவருக்குத்தான் போவாள். "பாருடி, என் கோடு கூரையப் பிச்சுக்கிட்டுப் போகப்போகுது!" கோடு ஏறிய நாளில் கூட்டாளிகளுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பாள். மலை ஏறுகிறவளின் முகம் அவளுக்கு வந்துவிடும். மெஷினின் முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை உள்ளே இருக்கும்போது பலகை வந்தால் கம்பி தட்டி மெஷின் நின்றுவிடும். சட்டைக் கை பட்டாலும் நின்றுவிடும். நின்றால் கோடு இறங்கும். அதனால் மேனேஜர் அதைக் கயிற்றால் கட்டி வைக்கச் சொன்னபோது பெரியவளும்தான் தலையாட்டினாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால், சிக்கிக்கொண்ட ஓர் அட்டையை இழுக்கக் குனிந்தாள். பலகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டம் கட்டமாக, புள்ளிகளை இணைத்த கோடுகள். நசுங்கிய கை சீழ் வைத்துப் பெரியவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் சின்னவள் அந்தத் தாளைப் பார்த்தாள். ஒரு கோடு சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே ஓடினாள். "அத்தான், இறங்குது! காய்ச்சல் இறங்குது!" அத்தான் பெஞ்சில் உட்கார்ந்தபடியே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அக்கம்பக்கத்து நோயாளிகளின் சொந்தக்காரர்களெல்லாம் வந்து நல்ல வார்த்தை சொன்னார்கள்.

நர்ஸ் வந்தாள். "யாரும்மா காய்ச்சல் இறங்குதுன்னு சொன்னது?"

"நான்தான் சிஸ்டர். கோடு..."

நர்ஸ் அவளைக் கட்டிலருகே கூட்டிக்கொண்டு போனாள். தாளின் இடது ஓரத்தில் விரல் வைத்தாள். "இது காய்ச்சல் கோடு இல்லம்மா. ரத்த அழுத்தம். இது இறங்கக் கூடாது." பிறகு, கெட்ட செய்தியைச் சொன்னவர்கள் வேறு எதையாவது கொடுக்க நினைப்பார்களே, அதுபோல, எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். கீழே போவது நேரம். ஓரத்தில் ஏறுவது அளவு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி. "ஏறுதா இறங்குதான்னு பார்க்கறதுக்கு முன்னாடி ஓரத்துல என்ன எழுதியிருக்குன்னு பாரு. இல்லேன்னா கோடு ஆளை ஏமாத்திடும்."

மறுநாள் கோடு நின்றுவிட்டது. அதற்கு வலப்பக்கம் வெறும் கட்டங்கள் நிறைய மீதியிருந்தன.

அதன்பிறகு சின்னவளால் எந்தக் கோட்டையும் சும்மா பார்க்க முடியவில்லை. கம்பெனிச் சுவரில் நாலாம் நம்பர் தாளின் முன் போய் நின்றாள். ஓரத்தில்: ஒரு மணிக்கு எத்தனை அட்டை. கீழே: தேதி. விரலால் தேடிக்கொண்டே போனாள். அந்தத் தேதி வந்தது. அங்கே நீலக் கோடு லேசாகப் பள்ளம் விழுந்து, இரண்டு நாளில் நிமிர்ந்து, ஒன்றும் நடக்காததுபோல நடந்து போயிருந்தது. அக்காவின் சாவு அந்தத் தாளில் நகக்கண் அளவுக்குத்தான் இருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நீலக் கோட்டுக்கு மேலே சிவப்பில் ஒரு கோடு: இலக்கு. அக்கா அதை எட்டியபோதெல்லாம் அது ஒரு படி மேலே ஏறியிருந்தது. ஒரு தடவைகூட இறங்கவில்லை. சிவப்பு ஏறிய தேதிகளில்தான் மெஷினின் வேகமும் ஏறியிருந்தது.

மூணாம் நம்பர் அக்காவை இழுத்து வந்து காட்டினாள். அவள் வெகுநேரம் பார்த்தாள். "அப்போ நம்ம கழுத்துக்கு நாமளேதான் கயிறு திரிச்சிருக்கோம். டீ வேற குடிச்சுக்கிட்டு."

சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் முதலாளி எல்லோரையும் கூட்டினார். மேனேஜர் ஆளுயரத்துக்கு ஒரு புதுத் தாளைச் சுவரில் மாட்டினார். கனத்த கோடு ஒன்று மேல் மூலையில் தொடங்கிக் கீழ் மூலையில் விழுந்து கிடந்தது.

"எனக்குப் பேச வராது. படம் பேசட்டும்" என்றார் முதலாளி. "மூணு மாசமா மொட்டை மாடியிலேருந்து விழற மாதிரி விழுது. இப்படியே போனா கதவை இழுத்துச் சாத்த வேண்டியதுதான். கோடு நிமிர்ற வரைக்கும் போனஸ் கிடையாது. திங்கட்கிழமையிலேருந்து எல்லா மெஷினுக்கும் வேகம் கூட்டறோம்."

கூட்டம் தலை குனிந்தது. அவ்வளவு பெரிய சரிவைப் பார்த்தால் யாருக்குமே குற்றம் தன்னுடையது என்றுதான் தோன்றும்.

வேகம் கூடினால், தயங்கும் அந்த ஒரு நொடிக்கு இடமே இருக்காது. சின்னவள் கோட்டிலிருந்து கண்ணை எடுத்து ஓரத்தைப் பார்த்தாள்.

"சார், அடியில என்ன நம்பர் போட்டிருக்கு?"

"தொள்ளாயிரம்" என்றார் மேனேஜர்.

"மேல?"

"ஆயிரம் அட்டை, மணிக்கு. எதுக்கு?"

"அப்போ பூஜ்ஜியம் எங்க சார்?"

"கக்கூஸ்ல இருக்கும்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. ஃபிட்டர் மட்டும் சிரிக்கவில்லை. மெஷின்களைப் பழுது பார்க்கிறவர். சட்டைப் பையிலிருந்த டேப்பை இழுத்துத் தாளை அளந்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"நூறு அட்டைக்கே ஒரு ஆள் உயரம். பூஜ்ஜியத்தைப் பார்க்கணும்னா இதே மாதிரி இன்னும் ஒன்பது தாள் கீழ ஒட்டணும். கிணறுதான் வெட்டணும் சார்."

"மாடியிலேருந்து விழல" என்றாள் சின்னவள். "ஒரு படி இறங்கியிருக்கு. நூத்துக்குப் பத்துதான்."

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. "கணக்கு சரிதான்மா. நல்லாவே படிக்கற. ஆனா அந்தப் பத்தும் என் பத்துதானே?"

அவள் மறுபடி தாளைப் பார்த்தாள். மாதத்துக்கு ஒரு புள்ளி. தேதிகளே இல்லை. அந்தப் பள்ளம் எங்கும் இல்லை. "அந்த ரெண்டு நாள்..." என்று ஆரம்பித்தாள். விரல் பழைய தாளின் பக்கம் நீண்டது.

"எந்த ரெண்டு நாள்?"

மூணாம் நம்பர் அக்கா அவள் தோளில் கை வைத்தாள். "இவ அக்கா கை மாட்டின நாளும் மறுநாளும். பழைய தாள்ல இருந்துச்சு. இதுல காணோம்."

"மாசக் கணக்குல அதெல்லாம் தெரியாது. இது சராசரி."

"சராசரியில செத்தவங்க தெரிய மாட்டாங்களா சார்?"

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி கார் சாவியை எடுத்துக்கொண்டார். "கோட்டை எப்படி வேணா போட்டுக்குங்க. திங்கட்கிழமை வேகம் ஏறும். பிடிக்காதவங்க கணக்கை முடிச்சுக்கிட்டுக் கிளம்பலாம்."

குழாயடியில் அட்டைத் தூளைத் தேய்த்துக் கழுவும்போது சின்னவள் மூணாம் நம்பர் அக்காவிடம் அழுதுவிட்டாள். "படிச்சுக் காட்டியும் ஒண்ணும் ஆகலையே அக்கா."

"அவருக்கு முன்னாடியே தெரியும்டி. தெரிஞ்சுதானே அப்படிப் போட்டாரு. நமக்குத்தான் தெரியாம இருந்துச்சு." மூணாம் நம்பர் அக்கா குழாயை மூடினாள். "நாளைக்கு உன் வீட்டுக்கு வர்றோம். ஒரு பெரிய அட்டை வேணும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னவளின் ஒற்றை அறையில் மூச்சு விட இடமில்லை. தரையில் கழிவு அட்டை ஒன்றை விரித்திருந்தார்கள். கீழே மாதங்கள். ஓரத்தில், பூஜ்ஜியத்திலிருந்து, காயங்கள். ஒரு காயத்துக்கு ஒரு கட்டம். ஒவ்வொருவரும் தங்கள் கையை நீட்டி மாதத்தைச் சொன்னார்கள். நகம் போனது, விரல் நுனி போனது, மணிக்கட்டு நசுங்கியது. சிலர் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்ததைக்கூடக் காட்டினார்கள். மெஷின் வேகத்தைச் சிவப்பில் வரைந்தார் ஃபிட்டர். சிவப்பு ஏற ஏறப் புள்ளிகளும் ஏறின.

"கம்பியைக் கட்டினது நான்தான்" என்றார் ஃபிட்டர், தலை நிமிராமல். "அதையும் எழுதிக்குங்க." எழுதினார்கள்.

பிறகு பெரியவளின் மாதம் வந்தது. பென்சில் நின்றுவிட்டது.

"விரலுக்கு ஒரு கட்டம்னா, உயிருக்கு எத்தனை கட்டம்?" என்று யாரோ கேட்டார்கள். பத்து என்றார் ஒருவர். போதாது என்றார் இன்னொருவர். அட்டை கொள்ளாது என்றார் மூன்றாமவர். சுவரோரம் அத்தான் மடியில் மகளோடு உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவளுக்குப் புள்ளி வேண்டாம்" என்றாள் சின்னவள். பென்சிலை வாங்கி, அந்த மாதத்தில் அட்டையின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரைக்கும் ஒரே கோடாக இழுத்தாள். எந்தச் சராசரியும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

திங்கட்கிழமை விடியலில் மெஷின் வரிசைக்கு எதிரே அந்த அட்டை நின்றது. வேகத்தைக் கூட்ட வேறு புல்லிச் சக்கரம் மாட்டச் சொன்னார் மேனேஜர். ஃபிட்டர் ஸ்பேனரைத் தரையில் வைத்தார். "கம்பியைக் கட்டின கயிறை அவுக்கறதுன்னா சொல்லுங்க, இப்பவே அவுக்கறேன்."

மேனேஜரே சுவிட்சைப் போட்டார். ஆறு மெஷின்களும் திறந்து மூடின. யாரும் கை கொடுக்கவில்லை. அட்டையில்லாமல் இரும்பு இரும்பை அறையும் சத்தம் வேறு மாதிரி இருந்தது. பசித்த வாயின் சத்தம். பழைய வேகமும் கம்பியும் திரும்பும்வரை கை உள்ளே போகாது என்று சொல்லிவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

முதலாளி வந்தார். அட்டையைப் படித்தார். மேலிருந்து கீழ் இறங்கும் கோட்டில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டாம் ஷிப்ட் வரட்டும். அவங்க ஓட்டுவாங்க. நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

அந்தப் பயம் எல்லோருக்குமே இருந்தது. ரெண்டாம் ஷிப்டுக்காரர்களோடு அவர்களுக்குப் பழக்கமே கிடையாது. இவர்கள் வெளியே போகும்போது அவர்கள் உள்ளே வருவார்கள். முகம் தெரியும், பேச்சு தெரியாது. மத்தியானம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, ஓடும் மெஷினையே பார்த்திருந்தாள்.

சங்கு ஊதியது. அவர்கள் வந்தார்கள். காலியாக அறையும் மெஷின்களைப் பார்த்து வாசலிலேயே நின்றார்கள்.

"வாங்க வாங்க, அவங்கவங்க மெஷினுக்குப் போங்க" என்றார் மேனேஜர்.

முன்னால் வந்தவள் நாலாம் நம்பர்காரி. சின்னவள் விட்டுப்போகும் இடத்தில் தினமும் வந்து நிற்கிறவள். கறுத்து ஒடிசலான பெண். இடது கையில் ஒரு விரல் பாதி. மெஷினைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். பக்கத்தில் போய் நின்று, ஒவ்வொரு மாதமாகப் பார்த்தாள்.

"என்னுது இதுல இல்லையே" என்றாள்.

"உன்னுது எந்த மாசம்?" என்று கேட்டாள் மூணாம் நம்பர் அக்கா.

அவள் சொன்னாள். ஃபிட்டர் பென்சிலை நீட்டினார். அவளே குனிந்து புள்ளியை வைத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார், அவருக்குப் பின்னால் இன்னும் இருவர். முதலாளி ஏதோ சொன்னார். இரும்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

நாலாம் நம்பர்காரி சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தாள். "தள்ளி உக்காரு" என்றாள் சின்னவளிடம். "காலையிலேருந்து எதுவும் சாப்பிடலியா? மூஞ்சியப் பாரு."

சின்னவள் தள்ளி உட்கார்ந்தாள். தூக்கின் மூடி திறந்தது. ஒருவர் சோற்றில் மூன்று கைகள் இறங்கின. இன்று முடியுமா, நாளைக்குத் தொடருமா, கூலி போகுமா, யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு எதிரே மெஷின்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அலுவலக அறையிலிருந்து மேனேஜர் மெல்ல வந்து, யாரையும் பார்க்காமல், சுவிட்சை அணைத்தார்.